விழுப்புரம், திண்டிவனம் வட்டாரத்தில் பொதுச் சுகாதாரப் பதிவேடுகளும் அவற்றைக் கேட்டுப் பெறும் உரிமையும்

விழுப்புரம், திண்டிவனம் ஆகிய இரு நகரங்களும் அவற்றைச் சுற்றியுள்ள ஊர்களும் 1993 வரை தென்னார்க்காடு மாவட்டத்தில் இருந்தவை. இறப்புப் பதிவு, தொற்றுநோய்க் கணக்கு, குடிநீர்ச் சோதனை, உணவகங்களின் ஆய்வு என்று இங்கு ஒரு நூற்றாண்டுக்கும் மேலாகச் சுகாதார ஏடுகள் எழுதப்பட்டு வருகின்றன. ஆனால் அந்த ஏட்டை ஊர்க்காரர் ஒருவர், காரணம் எதுவும் சொல்லாமல், கேட்டு வாங்கிப் பார்க்கலாம் என்ற நிலை 2005க்குப் பிறகே உருவானது.

குடியேற்ற ஆட்சிக் காலம்

சென்னை மாகாணத்தில் சுகாதார ஆணையம் 1864இல் அமைக்கப்பட்டது. அதன் முதல் கவலை படைவீரர்களின் உடல்நலம். பொதுமக்கள் பின்னரே கணக்கில் வந்தனர். கிராமங்களில் வாந்திபேதியாலும் அம்மையாலும் இறந்தவர்களைக் கிராம முன்சீப் பதிவு செய்தார். அந்தக் கணக்கு தாலுகா கச்சேரிக்கும் அங்கிருந்து கடலூரிலிருந்த மாவட்டத் தலைமையிடத்துக்கும் சென்றது. கடைசியில் சென்னையில் அச்சான ஆண்டறிக்கையில் ஓர் எண்ணாக முடிந்தது. 1899இல் மாகாணத்துக்கெனத் தனிப் பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டம் வந்தது. டபிள்யூ. பிரான்சிஸ் 1906இல் வெளியிட்ட தென்னார்க்காடு மாவட்ட விவரச்சுவடி இத்தகைய கணக்குகளைக் கொண்டே மாவட்டத்தின் உடல்நலத்தை விவரித்தது. கீழிருந்து மேலே செல்வதற்கு ஒழுங்கான வழி இருந்தது. எண்ணப்பட்டவர்களுக்கே அது திரும்பி வருவதற்கு வழி இல்லை.

சட்டத்தில் ஒரு சிறு இடைவெளி இருந்தது என்று சொல்லலாம். 1872ஆம் ஆண்டு இந்தியச் சாட்சியச் சட்டத்தின் 76ஆம் பிரிவு, பொது ஆவணத்தின் சான்றிட்ட நகலைக் கட்டணம் பெற்றுக்கொண்டு தர வேண்டும் என்றது. ஆனால் அந்த ஆவணத்தைப் பார்வையிடும் உரிமை உடையவருக்கே நகல் கிடைக்கும். அந்த உரிமை யாருக்கு உண்டு என்பதைச் சாட்சியச் சட்டம் வரையறுக்கவில்லை. நிலப் பட்டா வழக்கில் பயன்பட்ட இந்த வழி, சாக்கடை ஆய்வு ஏட்டைப் பார்க்க விரும்பியவருக்குப் பெரிதாகப் பயன்படவில்லை.

1884ஆம் ஆண்டுச் சட்டங்கள் நகராட்சிகளிடமும் உள்ளூர் வாரியங்களிடமும் துப்புரவுப் பணியை ஒப்படைத்தன. 1920இல் அவற்றின் இடத்தில் புதிய சட்டங்கள் வந்தன. 1939ஆம் ஆண்டு சென்னைப் பொதுச் சுகாதாரச் சட்டம் இந்தியாவில் இவ்வகையில் முன்னோடியானது. நீர்நிலை, கழிவுநீர், தங்கும் விடுதி, திருவிழாக் கூட்டம் என எல்லாவற்றையும் அது தொட்டது. மேல்மலையனூர் அங்காளம்மன் கோயில் போலப் பெருங்கூட்டம் சேரும் இடங்களில் சுகாதார ஏற்பாடுகள் செய்வதற்கு அடிப்படையாக இருப்பது இன்றும் இச்சட்டமே. சுகாதார அலுவலர் எங்கெல்லாம் நுழைந்து ஆய்வு செய்யலாம் என்பதை அது விரிவாகப் பேசுகிறது. அவர் எழுதிய குறிப்பை மக்கள் பார்ப்பது அதன் நோக்கமாக இருக்கவில்லை.

இறப்புக் காரணம்

விடுதலைக்குப் பின் வந்த 1969ஆம் ஆண்டுப் பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டம் ஒரு கதவைத் திறந்தது. அதன் 17ஆம் பிரிவின்படி யாரும் பதிவேட்டில் தேடச் சொல்லி, பதிவின் சாறத்தைப் பெறலாம். ஆனால் அந்தச் சாறத்தில் இறப்புக்கான காரணம் இடம்பெறக்கூடாது என்று அதே பிரிவு தடுக்கிறது. குடும்பத்தின் மானத்தையும் அந்தரங்கத்தையும் காக்க இது நியாயமான தடையே. எனினும் ஒரே தெருவில் ஒரே கோடையில் வயிற்றுப்போக்கால் எத்தனை பேர் இறந்தார்கள் என்று அறிய விரும்புபவருக்கு இந்த வழி உதவாது. அவர் பெயர்கள் இல்லாத மொத்த எண்ணிக்கையைத்தான் கேட்க வேண்டும். அதற்கு வேறொரு சட்டம் தேவைப்பட்டது.

1997, 2005

ராஜஸ்தானில் மஸ்தூர் கிசான் சக்தி சங்கடன் 1994 முதல் நடத்திய பொது விசாரணைகள், ஊராட்சிக் கணக்குகளை ஊரார் முன் படித்துக் காட்டக் கோரின. தமிழ்நாடு 1997இலேயே தகவல் உரிமைச் சட்டம் இயற்றி, நாட்டில் முந்திக்கொண்ட மாநிலம் என்ற பெயரைப் பெற்றது. பெயர் பெரிது, பயன் சிறிது. விலக்குகளின் பட்டியல் நீண்டது. மேல்முறையீடும் அரசிடமே சென்றது.

2005ஆம் ஆண்டு மத்தியச் சட்டம் அக்டோபர் 12 முதல் முழுமையாக நடைமுறைக்கு வந்தது. நகராட்சியும் ஊராட்சியும் அதற்குள் அடங்கின. கேட்பவர் காரணம் சொல்லத் தேவையில்லை. 30 நாட்களில் பதில் தர வேண்டும். உயிர் அல்லது தனிமனித விடுதலை தொடர்பானது என்றால் 48 மணி நேரம். தமிழ்நாட்டில் தொடக்கத்தில் 50 ரூபாயாக இருந்த விண்ணப்பக் கட்டணம் பின்னர் 10 ரூபாயாகக் குறைந்தது. அதை நீதிமன்றக் கட்டண வில்லையாக ஒட்டியும் அனுப்பலாம். நகல் மட்டுமல்ல, ஏட்டை நேரில் பார்வையிடுவதும் குறிப்பெடுப்பதும் பொருளின் சான்றளிக்கப்பட்ட மாதிரியைப் பெறுவதும் 2(ஒ) எனத் தமிழில் சுட்டப்படும் வரையறைக்குள் வருகின்றன. காலக்கெடுவைத் தாண்டினால் தகவலை இலவசமாகத் தர வேண்டும். தகுந்த காரணமின்றி மறுத்த அலுவலருக்கு நாளொன்றுக்கு 250 ரூபாய் வீதம் 25,000 ரூபாய் வரை மாநிலத் தகவல் ஆணையம் தண்டம் விதிக்கலாம்.

கேட்கும் முறையில்தான் பலர் தோற்கிறார்கள். "எங்கள் தெருவில் ஏன் மருந்து கலந்த தண்ணீர் வரவில்லை?" என்பது குறை, தகவல் கோரிக்கை அன்று. கையிலுள்ள ஆவணத்தைத் தந்தால் போதும், இல்லாததை உருவாக்கித் தர வேண்டியதில்லை என்று உச்ச நீதிமன்றம் 2011இல் ஆதித்ய பந்தோபாத்யாய் வழக்கில் கூறியது. ஆகவே, குறிப்பிட்ட மேல்நிலைத் தொட்டியின் குளோரின் சோதனைப் பதிவேட்டை, குறிப்பிட்ட தேதி முதல் தேதி வரை கேட்பதே பலன் தரும். குழாய் நீரில் எஞ்சிய குளோரின் லிட்டருக்கு 0.2 மில்லிகிராமாவது இருக்க வேண்டும் என்பது இந்தியத் தரநிர்ணயம். எனவே பதிவேட்டின் எண்களை யாரும் ஒப்பிட்டுப் பார்க்கலாம். பக்கம் வெறுமையாக இருந்தால் அதுவும் ஒரு விடைதான்.

பதிவேடு இருக்கும் இடம்

இவ்வட்டாரத்தின் தனிச் சிக்கல், ஏடுகள் இடம் மாறிக்கொண்டே இருந்தது. 1980இல் கிராம முன்சீப் பதவி ஒழிக்கப்பட்டு, கிராம நிர்வாக அலுவலர் வந்தார். 1993இல் தென்னார்க்காடு பிரிந்து விழுப்புரம் மாவட்டம் ஆனது. 2019இல் அதிலிருந்து கள்ளக்குறிச்சி பிரிந்தது. பழைய ஏட்டைத் தேடுபவர் முதலில் அது கடலூரிலா, விழுப்புரத்திலா, எழும்பூரிலுள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்திலா என்று தெரிந்துகொள்ள வேண்டும்.

அதிகாரமும் இடம் மாறியது. முன்பு உணவகச் சோதனை உள்ளாட்சிகளின் கையில் இருந்தது. 2006ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்புச் சட்டம் 2011 ஆகஸ்டில் நடைமுறைக்கு வந்தபின், அது மாவட்ட நியமன அலுவலரின் கீழ் சென்றது. திண்டிவனம் பேருந்து நிலையத்துக்கு எதிரிலுள்ள கடைகளின் ஆய்வறிக்கையை நகராட்சியிடம் கேட்டால், 6(3) பிரிவின்படி ஐந்து நாட்களுக்குள் விண்ணப்பத்தை உரிய அலுவலகத்துக்கு மாற்றிவிட வேண்டும், திருப்பி அனுப்பக்கூடாது.

2023 பிப்ரவரியில் விழுப்புரம் அருகே குண்டலப்புலியூரில் இயங்கிய காப்பகம் ஒன்றில் அதிகாரிகள் சோதனை நடத்தி நூற்றுக்கும் மேற்பட்டோரை மீட்டனர், வழக்கு சி.பி.சி.ஐ.டி.க்கு மாறியது. உரிய அனுமதி இருந்ததா, யார் எப்போது ஆய்வு செய்தார்கள் என்ற கேள்விகள் அதன் பிறகே பரவலாக எழுந்தன. இத்தகைய இல்லங்களின் பதிவு ஊராட்சியில் இருப்பதில்லை. மாற்றுத்திறனாளிகள் நலத் துறை, மாநில மனநல ஆணையம் போன்ற இடங்களில் கேட்க வேண்டும்.

அதே 2023 ஏப்ரலில் தமிழ்நாடு நகர்ப்புற உள்ளாட்சி அமைப்புகள் சட்டம் நடைமுறைக்கு வந்து, 1920ஆம் ஆண்டு நகராட்சிச் சட்டத்தின் இடத்தைப் பிடித்தது. அவ்வாண்டு இயற்றப்பட்ட மின்னணுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், தனிப்பட்ட தகவல் பற்றிய தகவல் உரிமை விலக்கை அகலப்படுத்தியது. பொதுநலன் பெரிதெனில் தகவலைத் தரலாம் என்ற 8(2) பிரிவு மட்டும் அப்படியே நிற்கிறது. ஆய்வாளரின் கையொப்பம் தாங்கிய குறிப்பு தனிப்பட்ட தகவலா, பொதுப் பணியின் பதிவா என்ற வழக்காடல் இனி இந்தப் பிரிவைச் சுற்றியே நடக்கும்.