மலைநாட்டு நோய்ப்பதிவும் நெடுங்காலக் கண்காணிப்பும்

மருந்தின் பயனை அளக்கும் கோல் காலமேயாகும். காய்ச்சலுக்கு உண்ட குளிகையின் பயன் சில நாட்களில் விளங்கும். உடலின் பரம்பரையலகையே திருத்தியமைக்கும் மருத்துவத்தின் பயனோ பல்லாண்டுகள் கழிந்த பின்னரே முற்றும் விளங்கும். பாரிஸ் நகரில், பிறவியிலேயே நோயெதிர்ப்பாற்றல் அற்ற குழந்தைகளுக்கு 1999ஆம் ஆண்டிலே இம்முறையிற் சிகிச்சை தொடங்கிற்று. குழந்தைகள் தேறினர். ஆயினும் ஏறத்தாழ மூன்று ஆண்டுகள் சென்றபின் அவர்களுட் சிலரிடம் குருதிப் புற்றுநோய் தோன்றிற்று. உட்செலுத்திய அலகு வேண்டாத இடத்திற் புகுந்து, அருகிருந்த வேறோர் அலகைத் தூண்டியதே அதற்குக் காரணமாகும். மருத்துவர் அக்குழந்தைகளைத் தொடர்ந்து நோக்கியிராவிடின் இவ்வுண்மை வெளிப்பட்டிராது. நிறமூர்த்தத்திற் புகுந்து நிலைக்கும் இத்தகைய சிகிச்சையைப் பெற்றோரைப் பதினைந்து ஆண்டுகள் கண்காணித்தல் வேண்டுமென அமெரிக்க அரசின் மருந்துக் கட்டுப்பாட்டு நிருவாகம் 2006இல் நெறி வகுத்தது.

பதினைந்து ஆண்டுகள் ஒருவரைத் தொடர்ந்து அறிதற்கு யாது வேண்டும்? மருத்துவரும் கருவிகளும் மட்டும் போதா. அவர் எங்கே வாழினும் அவரை இன்னாரென அறிவிக்கும் பதிவும் வேண்டும். அத்தகைய பதிவு எளிதில் அமைவதன்று என்பதற்குக் கண்டி மலைநாட்டின் வரலாறே சான்றாகும்.

பத்தொன்பதாம் நூற்றாண்டிலே கோப்பித் தோட்டங்களை நாடி வந்த தமிழ்த் தொழிலாளர், மன்னாரிலிருந்து தம்புள்ளை, மாத்தளை வழியாகக் கண்டிக்குக் கால்நடையாக வந்தனர். வாந்திபேதியும் காய்ச்சலும் அவ்வழியிற் பலரை மாய்த்தன. வந்தோர் தொகையும் மீண்டோர் தொகையும் துறைமுகங்களில் எழுதப்பட்டன. இவ்விரண்டிற்கும் இடையே விடுபட்டோர் இறந்தனரோ, மலைநாட்டிலேயே தங்கினரோ என்பதை எழுதுவார் இலர். அதனாலேயே மாண்டோர் தொகையைப் பற்றி வரலாற்றாசிரியர் இன்றும் மாறுபடுகின்றனர்.

பிறப்பு, இறப்புப் பதிவு இலங்கையில் 1867இல் முறைப்படுத்தப்பட்டது. 1872ஆம் ஆண்டின் வைத்தியத் தேவைகள் பற்றிய கட்டளைச் சட்டம், கோப்பி விளையும் பகுதிகளை வைத்திய மாவட்டங்களாக்கி, மருத்துவரையும் மருத்துவமனைகளையும் அமைக்க வழிசெய்தது. 1901இல் தகரவில்லை முறை வந்தது. புறப்படும் தொழிலாளிக்குத் தோட்டத்தின் குறியும் எண்ணும் பொறித்த தகரத்துண்டு அளிக்கப்பட்டது. அவர் எத்தோட்டத்திற்கு உரியவர் என்பதை அத்துண்டு உரைத்தது; அவர் உற்ற நோய் யாது, பெற்ற மருந்து யாது என்பதை உரைத்திலது. வேலைகொள்வோரின் தேவைக்காக எழுந்த பதிவு வேலையுடனேயே முடிந்தது.

தொடர்ந்து நோக்குதலின் பயனை மாத்தளைப் பகுதி உணர்த்திற்று. றொக்பெல்லர் நிறுவனத்தார் 1916இல் அங்குள்ள தோட்டங்களிற் கொழுக்கிப்புழு ஒழிப்பைத் தொடங்கினர். மருந்துண்டோரை மீண்டும் சோதித்தபொழுது, பலரிடம் அப்புழு திரும்பவும் காணப்பட்டது. மலசலகூடம் இல்லாத இடத்தில் மருந்து நிலையான பயன் தராது என்பது மறுசோதனையினாலேயே துணியப்பட்டது.

ஆயினும் மக்களே இடம்பெயர்ந்தவிடத்து நெடுங்காலப் பதிவு எவ்வாறு நிலைக்கும்? 1948ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டம் மலையகத் தமிழரிற் பெரும்பாலாரை நாடற்றோராக்கிற்று. 1964ஆம் ஆண்டின் சிறிமா–சாத்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவிற்கு அனுப்பத் தீர்மானித்தது. தோட்டத்தை விட்டு நீங்கியவரின் நோய் வரலாறு அவரைப் பின்தொடர்ந்து செல்லவில்லை.

இதற்கு மாறாக, நன்முறையிற் பேணிய பதிவு என்ன பயன் தரும் என்பதைக் கண்டிக்கு அயலிலுள்ள குருநாகல் காட்டிற்று. அங்குள்ள தலசீமியா நிலையம் இந்நோயாளர் பலரை ஆண்டுதோறும் பேணி வருவது. இலங்கையின் ஈமோகுளோபின் ஈ–பீற்றா தலசீமியா நோயாளர் 109 பேரைத் தொடர்ந்து நோக்கிய ஆய்வொன்று 2005இல் இலண்டன் 'லான்செற்' இதழில் வெளியாயிற்று. ஒரே நோய் ஆளுக்காள் பெரிதும் வேறுபடுவதையும், ஒழுங்காகக் குருதி ஏற்றப்பெற்றோர் பலர் அதனைத் தீங்கின்றி நிறுத்தக்கூடியோர் என்பதையும் அவ்வாய்வு தெளிவாக்கிற்று. ஒருநாட் சோதனை இவற்றைக் காட்டியிராது.

தலசீமியாவிற்குப் பரம்பரையலகைத் திருத்தும் சிகிச்சையைப் பிரித்தானியா 2023 நவம்பரில் ஏற்றுக்கொண்டது. வேலூர்க் கிறித்தவ மருத்துவக் கல்லூரியிலே குருதியுறையாமை நோயாளர் ஐவர்க்கு அளித்த பரம்பரையலகுச் சிகிச்சையின் முடிவுகள் 2024இல் வெளியாயின. இம்மருத்துவம் மலைநாட்டை அடையும் நாளில், முதற்கண் வேண்டப்படுவது நம்பத்தக்க பதிவேடேயாகும். அது தோட்டத்திற்கோ மருத்துவமனைக்கோ மட்டும் உரியதாக இராது, நோயாளர் செல்லுமிடமெல்லாம் உடன்செல்வதாதல் வேண்டும். அவர்தம் இசைவுடன் எழுதப்பட்டு, அவர்தம் நலத்திற்கே பயன்படுவதாதல் வேண்டும். எண்ணைத் தகரத்திற் பொறித்து, மனிதரை எழுதாது விட்ட பழைய முறை, பதினைந்து ஆண்டுக் கண்காணிப்பை ஒருகாலும் தாங்காது.