கோட்டையைத் தகர்த்த கோடுகள்

முக்கோணத்தின் மூன்று கோணங்களையும் கூட்டினால் 180 பாகை. பள்ளிப் பிள்ளையும் அறிந்த உண்மை இது. ஆனால் இந்த உண்மை எங்கிருந்து வந்தது? மலையும் கடலும் போல, மனிதன் தோன்றுமுன்பே இருந்து, பின்னர் அவன் கண்ணில் பட்டதா? ஏரும் சக்கரமும் போல, அவன் மூளை ஆக்கித் தந்ததா? கணிதம் கண்டெடுத்த முத்தா, கட்டி எழுப்பிய மாளிகையா? வீண் வாதம் என்று ஒதுக்கிவிடாதீர்கள், தோழர்களே! ஒரே ஒரு கோட்டைப் பற்றிய ஐயம், இந்தக் கேள்வியை உலகின் முன் நிறுத்திய வரலாறு உண்டு. அந்த வரலாற்றிலே அச்சம் உண்டு, அஞ்சாமையும் உண்டு.

கி.மு. 300 வாக்கில், எகிப்து நாட்டு அலெக்சாந்திரியா நகரிலே, யூக்ளிடு என்னும் கிரேக்கப் பேரறிஞர் 'மூலங்கள்' என்ற நூலை 13 பகுதிகளாக யாத்தார். ஐந்து எடுகோள்களையும் சில பொது உண்மைகளையும் அடித்தளமாக இட்டு, தேற்றத்தின்மேல் தேற்றமாக அடுக்கினார். எடுகோள் என்பது, மெய்ப்பிக்காமலே ஏற்றுக்கொள்ளுமாறு கேட்டுக்கொள்வது. முதல் நான்கும் எளியவை. ஐந்தாவதன் சாரம் இது: ஒரு கோட்டுக்கு வெளியே உள்ள புள்ளி வழியாக, எவ்வளவு நீட்டினாலும் அக்கோட்டைச் சந்திக்காத இணைகோடு ஒன்றே ஒன்றுதான் உண்டு. முக்கோணத்தின் 180 பாகை இந்த ஐந்தாவதன் தோளில்தான் நிற்கிறது.

எவ்வளவு நீட்டினாலுமா? நீட்டிப் பார்த்தவர் யார்? இந்த ஐயம் அறிஞர்களை உறுத்தியது. கிரேக்கத்தின் புரோக்ளசும், பாரசீகத்தின் உமர் கய்யாமும், நசீருதீன் தூசியும் அதை மெய்ப்பிக்க முயன்றனர். மறுக்க முனைந்தார் எவருமில்லை. 1733 இல் இத்தாலிய ஏசுசபைப் பாதிரியார் சாக்கேரி புதுவழி கண்டார். ஐந்தாவது பொய் என்றே வைத்துக்கொள்வோம். முரண்பாடு பிறந்தால் அது மெய்யென ஆகிவிடும் என்று புறப்பட்டார். விந்தையான தேற்றங்கள் வரிசையாகப் பிறந்தன. எதிர்பார்த்த முரண்பாடோ பிறக்கவில்லை! ஆயினும், இவை நேர்கோட்டின் இயல்புக்கே ஒவ்வாதவை என்று தீர்ப்பெழுதி நூலை முடித்தார். புதிய உலகின் கரைவரை வந்த கப்பல், கரையிறங்காமலே திரும்பியது. பின்னர் ஜெர்மானியத் தத்துவ மேதை காண்ட், 1781 இல், வடிவகணிதம் பட்டறிவால் வருவதன்று, மனித அறிவோடு உடன்பிறந்தது என்று எழுதினார். கோட்டைக்கு இன்னொரு மதில்!

அந்தக் கோட்டையின்மீது மோதியவர்கள் இளைஞர்கள். அங்கேரியப் படை அதிகாரி யானோஸ் போல்யாயின் தந்தையும் கணித அறிஞரே. இணைகோட்டு ஆராய்ச்சியில் தம் இளமையை இழந்தவர். அந்தப் பாதை வேண்டாம் என்று மகனிடம் மன்றாடினார். மகன் கேட்கவில்லை. 1823 இல், 20 வயதில், ஒன்றுமில்லாததிலிருந்து ஒரு புத்துலகைப் படைத்துவிட்டதாகத் தந்தைக்கு எழுதினான். விரைந்து வெளியிடு என்றார் தந்தை. இளவேனிலில் எங்கும் ஒரே வேளையில் பூக்கும் மலர்களைப் போல், ஒரே கருத்து பல இடங்களில் வெளிப்படும் என்றார். 'படைத்தேன்' என்றான் மகன். 'பூக்கிறது' என்றார் தந்தை. நம் கேள்வியின் இரு விடைகளும் அந்த இரு கடிதங்களில் அடங்கியுள்ளன!

தந்தை சொன்னதே நடந்தது. மகனின் ஆராய்ச்சி 1832 இல் அச்சேறுமுன்பே, 1829 இல், ரஷ்ய நாட்டுக் கசான் நகரில் லோபசெவ்ஸ்கி அதே கணிதத்தை வெளியிட்டிருந்தார். அதன்படி ஒரு புள்ளி வழியே இணைகோடுகள் பல. முக்கோணத்தின் கோணங்கள் 180 பாகைக்குக் குறைவு. ஐரோப்பாவின் கணித வேந்தர் காசும் இதை முன்பே அறிந்திருந்தார். கூச்சலுக்கு அஞ்சி வெளியிடாதிருந்தார். போல்யாயைப் புகழ்வது தம்மையே புகழ்வதாகும் என்று அவர் எழுத, மனமுடைந்த இளைஞன் அதன்பின் கணிதத்தில் எதையும் வெளியிடவில்லை. லோபசெவ்ஸ்கி பார்வையிழந்து, உரிய பெருமை வருமுன்பே 1856 இல் மறைந்தார்.

1854 இல் ரீமான் இன்னும் ஓரடி முன்னே சென்றார். வளைந்த வெளிகளுக்கும் கணிதம் வகுத்தார். நாம் வாழும் வெளி எத்தகையது என்பதைப் பட்டறிவே தீர்க்கவேண்டும் என்றார். நிலவுருண்டையை எடுத்துப் பாருங்கள். வடமுனையிலிருந்து நடுக்கோட்டுக்கு, 90 பாகை இடைவெளியில், இரு கோடுகள் இறக்குங்கள். மூன்று செங்கோணங்கள் கொண்ட முக்கோணம்; கூட்டுத்தொகை 270 பாகை! 1868 இல், யூக்ளிடின் கணிதத்தில் முரண்பாடு இல்லையேல் போல்யாய், லோபசெவ்ஸ்கியின் கணிதத்திலும் இல்லை என்று இத்தாலியர் பெல்ட்ராமி காட்டினார்.

அப்படியானால், கணிதம் வெறும் கற்பனைதானா? இல்லை. ஆடுபுலி ஆட்டத்தை எண்ணிப் பாருங்கள். புலி எத்தனை, ஆடு எத்தனை, எப்படித் தாவுவது என்ற விதிகளை வகுத்தவன் மனிதன். வகுத்தபின், இந்த நிலையில் புலி தப்புமா, அடைபடுமா என்பது அவன் விருப்பமன்று, ஆராய்ந்துதான் காணவேண்டும். எடுகோளை இடுபவன் மனிதன். அதன் விளைவுகளோ கண்டறியப்படுபவை. எங்கெங்கோ இருந்த மூவர் ஒரே தேற்றங்களைக் கண்டது அதனால்தான். இராமானுசனை உலகறியச் செய்த ஹார்டி, கணித உண்மை நமக்கு வெளியே இருக்கிறது என்று 1940 இல் எழுதினார். விளைவுகளைப் பொறுத்தவரை அவர் சொன்னது பொருந்தும், அடித்தளத்துக்குப் பொருந்தாது.

பல கணிதங்களுள் எது உலகுக்கு ஒத்தது? அதைச் சொல்வது அளவுகோல். 1915 இல் ஐன்ஸ்டீன், ரீமானின் கணிதத்தைக் கொண்டு ஈர்ப்புக் கோட்பாட்டை முடித்தார். பெரும்பொருளின் அருகே வெளியும் காலமும் வளைகின்றன என்றார். 1919 மே 29 அன்று, முழுச் சூரிய கிரகணத்தின்போது, பிரின்சிப்பித் தீவிலும் பிரேசிலின் சோப்ராலிலும் ஆங்கில வானியலார் படம் பிடித்தனர். ஞாயிற்றை ஒட்டி வந்த விண்மீன் ஒளி, அவர் கணித்த அளவை ஒட்டியே வளைந்திருந்தது.

யூக்ளிடு வீழ்ந்துவிடவில்லை. வீடு கட்டவும் வயல் அளக்கவும் இன்றும் அவர்தான் துணை. வீழ்ந்தது, அவர் நூலின்மீது பிறர் குத்திய 'மாற்றவொண்ணாதது' என்ற முத்திரை. அவர் பணிவோடு கேட்டுக்கொண்டார். பின்வந்தோர் அதைக் கட்டளையாக்கினர். ஈராயிரம் ஆண்டுகள் பழைமையானது என்பதாலும், பேரறிஞர் பலர் நம்பினர் என்பதாலும் ஒன்று மெய்யாகிவிடாது என்பதற்குக் கணிதத்தைவிடக் கறாரான சான்று வேறென்ன வேண்டும்? ஆகவே இளைஞர்களே, 'இது இயற்கை, இது என்றும் உள்ளது' என்று எவர் எதைச் சொன்னாலும், முதலில் அதன் எடுகோளைக் காட்டச் சொல்லுங்கள்!