கைப்பெலன் கேட்காத கார்: ஒரு சின்ன வரலாறு

கார் ஓட்ட உடம்பில பெலன் வேணும் என்ற பேச்சு எங்கட பக்கத்தில் இன்னும் இருக்கிறது. முழங்கால் வாதம் உள்ள அம்மா, சண்டைக் காலத்தில் கையில் காயப்பட்ட மாமா, ஐந்தடிக்குக் குறைந்த அக்கா, எழுபது தாண்டிய அம்மப்பா, எல்லாருக்கும் ஒரே பதில்தான். "உங்களுக்கு ஏலாது, ஆரும் ஓட்டுவாங்க, நீங்க பின்னால இருங்க." வரலாறு படிக்கிற பிள்ளைகளாக நாங்கள் இதைக் கொஞ்சம் திருப்பிக் கேட்டுப் பார்க்கிறோம். ஏலாமல் இருப்பது அந்த உடம்புக்கா, இல்லை அந்த உடம்பை நினைக்காமல் செய்த வண்டிக்கா?

மண்டூரில் இருந்து பார்த்தால் இது சும்மா கேட்கிற கேள்வி இல்லை. மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, பொழுது படுகிற பக்கம் இருப்பதால் எங்கட கரைக்குப் படுவான்கரை என்று பெயர். வாவியைக் கடந்து எழுவான்கரைக்குப் போக குருமண்வெளித் துறைக்குப் பாதை எடுக்க வேண்டும். (வெளியூர் ஆக்களுக்கு: ஆளையும் வாகனத்தையும் ஏற்றுகிற மிதவையைத்தான் நாங்கள் பாதை என்போம்.) இல்லாவிட்டால் வெல்லாவெளி சுற்றிப் பட்டிருப்புப் பாலத்தால் போக வேண்டும். பெரிய ஆஸ்பத்திரி என்றால் களுவாஞ்சிகுடி, அதையும் விட்டால் மட்டக்களப்பு. இப்படி ஒரு இடத்தில் வண்டி ஓட்டத் தெரிந்தவர் வீட்டில் ஒருவர்தான் என்றால், மற்ற எல்லாருடைய கிளினிக் திகதியும், சந்தைக்குப் போற நேரமும், கோயிலுக்குப் போற ஆசையும் அவருடைய ஓய்வு நேரத்தில் தொங்கிக்கொண்டு கிடக்கும்.

பெலன் கேட்கிற வண்டி எப்படி இருக்கும் என்று நாங்கள் நூதனசாலைக்குப் போய்ப் பார்க்கத் தேவையில்லை. வயலுக்குள் நிற்கிற லேண்ட்மாஸ்டரைப் பார்த்தால் போதும். கம்பியைக் கொளுவி, குனிந்து, முழு உடம்பையும் போட்டுச் சுத்தினால்தான் எஞ்சின் பிடிக்கும். கம்பி கையை விட்டுத் தவறினால் மணிக்கட்டு தாங்காது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பெற்றோல் கார்கள் அநேகமாக இப்படித்தான் ஸ்டார்ட் ஆகின. எஞ்சின் சில நேரம் எதிர்ப்பக்கமாக உதைக்கும். அதில் கை முறிந்தவர்கள் நிறையப் பேர். அந்தக் காலத்தில் "எனக்குக் கார் ஓட்ட ஏலாது" என்று சொன்னவருக்கு ரோட்டில் ஓட்டுகிற திறமை இல்லாமல் இருக்கவில்லை. காரை உயிர்ப்பிக்கிற கைப்பெலன்தான் இல்லாமல் இருந்தது.

அதே காலத்தில் அமெரிக்காவில் பற்றரியில் ஓடுகிற கார்களும் இருந்தன. கம்பி சுத்தத் தேவையில்லை, கியர் மாற்றத் தேவையில்லை, புகை இல்லை. கம்பனிகள் அவற்றைப் பெண்களுக்கான கார் என்று விளம்பரம் செய்தன. உலகத்துக்கே பெற்றோல் கார் விற்ற ஹென்றி போர்ட்டின் மனைவி கிளாரா போர்ட், 1914 மாடல் டெட்ராய்ட் எலெக்ட்ரிக் ஒன்றைத்தான் ஓட்டினார். புருஷன் விற்ற மொடல் டி காரை அப்போது கம்பி சுத்தித்தான் ஸ்டார்ட் பண்ண வேண்டும்.

இடையில், 1912 இல், சார்ள்ஸ் கெட்டரிங் வடிவமைத்த மின் ஸ்டார்ட்டரோடு கடிலாக் கார் சந்தைக்கு வந்தது. பற்றரியும் சின்ன மோட்டாரும் சேர்ந்து கையின் வேலையைச் செய்தன. இதில் நாங்கள் கவனிக்க வேண்டிய ஒன்று இருக்கிறது. "பெண்களின் கார்" என்று ஓரம் கட்டப்பட்ட மின்காரின் இலகுவைப் பெற்றோல் கார் தனக்குள் எடுத்துக்கொண்டது. எடுத்த பிறகு அதை யாரும் பெண்களின் வசதி என்று சொல்லவில்லை, முன்னேற்றம் என்றார்கள். இன்றைக்கு எந்தப் பெரிய பயில்வானும் கம்பி சுத்தி ஸ்டார்ட் பண்ணுகிற காரைத் தேடி வாங்குவதில்லை.

அடுத்த தடை ஸ்டியரிங். ஓடுகிற காரின் வீலைத் திருப்புவது லேசு. நிற்கிற காரில் திருப்பிப் பாருங்கள், அப்பதான் தோள்மூட்டு பதில் சொல்லும். முன் சில்லில் இறங்குகிற பாரம் கூடக் கூட, டயர் அகலம் கூடக் கூட, இழுவையும் கூடும். 1926 இலேயே பிரான்சிஸ் டேவிஸ் என்ற பொறியியலாளர் பியர்ஸ் ஏரோ கார் ஒன்றில் பவர் ஸ்டியரிங் பூட்டி ஓட்டிக் காட்டினார். ஆனாலும் விற்பனைக்கு வந்த முதல் பவர் ஸ்டியரிங் கார் 1951 கிரைஸ்லர் இம்பீரியல்தான். இடையில் 25 வருஷம். செலவு கூட என்று கம்பனிகள் தள்ளிப்போட்டன. உலகப் போரில் கவச வாகனங்களுக்குத் தேவைப்பட்டபோது அது பாவனைக்கு வந்தது. ஆமிக்காரனின் கைக்கு உதவி வேண்டும் என்று ஏற்றுக்கொண்ட உலகம், வயதான ஒருவரின் கைக்கும் அதே உதவி வேண்டும் என்று ஏற்கப் பின்னும் கொஞ்சக் காலம் எடுத்தது.

கியரின் கதையும் போரோடுதான் போகிறது. கிளச் மிதிக்கத் தேவையில்லாத ஹைட்ராமெட்டிக் கியர்பெட்டியை 1939 கடைசியில் ஓல்ட்ஸ்மொபீல் விற்கத் தொடங்கியது. போர் முடிந்து கை கால் இழந்த ஆயிரக்கணக்கான ஆட்கள் ஊர் திரும்பியபோது, அதே கம்பனி அவர்களுக்கென்று மாற்றிய கட்டுப்பாடுகளோடு ஓட்டோ கியர் கார்களைக் கொடுத்தது. 1946 இல் அமெரிக்க அரசு, போரில் கால் இழந்தவர்கள் கார் வாங்க 1600 டொலர் வரை கொடுக்கச் சட்டம் செய்தது. அதற்கு முந்தியே அந்த நாட்டின் ஜனாதிபதி ரூஸ்வெல்ட், 1921 இல் போலியோ வந்து கால்கள் செயலிழந்தவர், கையால் மட்டும் ஓட்டக்கூடியதாக மாற்றிய போர்ட் காரைத் தானே ஓட்டித் திரிந்தார். ஜனாதிபதிக்கு அப்படி ஒரு கார் செய்ய முடிந்தது என்றால் தொழில்நுட்பம் இருந்திருக்கிறது. சாதாரண ஆளுக்குக் கிடைக்காதது வேறு காரணத்தால்.

இங்கிலாந்து வேறு வழியில் போனது. உடல் இயலாதவர்களுக்கென்று அரசாங்கமே வெளிர்நீல நிறத்தில் ஒரு மூன்று சில்லு வண்டி கொடுத்தது. இன்வகார் என்று பெயர். ஒரே ஒரு சீற். பிள்ளையையோ துணையையோ ஏற்ற ஏலாது. பக்கக் காற்றுக்கு ஆடும். ரோட்டில் போகும்போதே "இதுக்குள்ள இருக்கிறவர் ஏலாதவர்" என்று ஊருக்கே அறிவிக்கிற நிறம். பல பேருக்கு அது முதல்முறையாக வீட்டை விட்டு வெளியே போகிற சுதந்திரத்தைக் கொடுத்தது, அதை மறுக்க முடியாது. ஆனால் 1974 இல் ஷார்ப் சீமாட்டியின் அறிக்கை, இந்த வண்டிகளுக்குப் பதிலாகச் சாதாரண கார்களைக் கொடுக்க வேண்டும் என்றது. 1977 இல் தொடங்கிய மோட்டபிலிட்டி என்ற அமைப்பு, உதவிப்பணம் பெறுகிறவர்கள் அந்தப் பணத்தில் சாதாரண காரை வாடகை முறையில் எடுக்க வழி செய்தது. 2003 மார்ச் கடைசியோடு இன்வகார்கள் ரோட்டில் இருந்து எடுக்கப்பட்டன.

இந்த இடம் எங்களுக்கு முக்கியம். ஏலாத ஆளுக்குத் தனி வண்டி என்பது ஒரு யோசனை. எல்லாருடைய வண்டியும் ஏலாத ஆளுக்கும் ஏலக்கூடியதாக இருக்க வேண்டும் என்பது இன்னொரு யோசனை. எங்கட ஊர்களில் பின்னால் இரண்டு சின்னச் சில்லு பூட்டிய ஸ்கூட்டிகள் ஓடுகின்றன. அவை பெரிய உதவி. ஆனாலும் மாரி மழைக்குள், வருத்தக்காரப் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு, அதில் எவ்வளவு தூரம் போகலாம்?

இரண்டாவது யோசனைக்கு மிகப் பெரிய உதவி செய்தது யப்பான். அங்கே 1949 இல் கேய் என்ற சின்ன வாகன வகையைச் சட்டத்தில் கொண்டு வந்தார்கள். 1955 இல் 360 சிசி என்று வைத்த எஞ்சின் எல்லை 1976 இல் 550 ஆகி, 1990 இல் 660 ஆனது. இன்றைக்கு அந்த வகைக் காரின் நீளம் 3.4 மீற்றரையும் அகலம் 1.48 மீற்றரையும் தாண்டக் கூடாது. அப்படியான ஒரு சின்னக் காரில்தான், 1988 இல் சுசுகி செர்வோவில், உலகத்தின் முதல் மின்சாரப் பவர் ஸ்டியரிங் வந்தது. ஏன் சின்னக் காரில்? பழைய பவர் ஸ்டியரிங் எண்ணெயை அழுத்துகிற பம்பால் வேலை செய்யும். அந்தப் பம்ப் எஞ்சினின் பலத்தை எப்போதும் தின்றுகொண்டிருக்கும். 550 சிசி எஞ்சினுக்கு அது கட்டுபடியாகாது. மின் மோட்டார் என்றால் வீலைத் திருப்புகிற நேரம் மட்டும்தான் கரண்ட் எடுக்கும். எஞ்சினுக்குப் பலம் குறைவு என்பதற்காகக் கண்டுபிடித்த வழி, கைக்குப் பலம் குறைந்தவர்களுக்கும் உதவியது. 1993 இல் வந்த வேகன் ஆர், கூரையையும் சீற்றையும் உயர்த்தி, காருக்குள் இறங்கி இருக்காமல் நேரே இருக்கிற பழக்கத்தைக் கொண்டு வந்தது.

இலங்கைக்கு வருவோம். இறக்குமதி இறுக்கமாக இருந்த காலத்தில் மொரிஸ் மைனர்களைத் திருத்தித் திருத்தித்தான் ஓடினார்கள். 1948 இல் வந்த அந்தக் காரின் ஸ்டியரிங் அதன் காலத்துக்கு லேசானது. ஆனால் கிளச், பிரேக் இரண்டுக்கும் கால் பெலன் வேண்டும். 1977 இல் பொருளாதாரத்தைத் திறந்த பிறகு யப்பான் கார்கள் வந்தன. பிறகு இந்தியாவின் மாருதி 800 வந்தது. 2015 இல் 1000 சிசிக்குக் குறைந்த கார்களின் வரி குறைந்தபோது வேகன் ஆர் போன்றவை ஊர்ப்பக்கமும் எட்டிப் பார்த்தன. 2018 இல் வரி மறுபடி கூடியது. 2020 மார்ச்சில் இறக்குமதி நின்றது. தனியார் கார்களுக்கு அது மறுபடி திறந்தது 2025 பெப்ரவரியில். அந்த ஐந்து வருஷத்தில் பழைய கார்களின் விலை எங்கே போனது என்று எல்லாருக்கும் தெரியும்.

இதில் அடிபடுவது யார்? மலிவாகக் கிடைக்கிற கார் அநேகமாகப் பழையது. பழையது என்றால் கிளச் உண்டு, பவர் ஸ்டியரிங் இல்லை. பெலன் குறைந்தவருக்குத் தேவையான கார் விலை கூடியது. இயலாமை உள்ளவர்களின் உரிமைகளுக்கு எங்கட நாட்டில் 1996 இல் ஒரு சட்டம் வந்தது. கட்டடங்களில் சரிவுப்படி வேண்டும் என்கிற ஒழுங்குவிதிகள் 2006 இல் வந்தன. கட்டடத்துக்குள் நுழையச் சரிவு இருக்கிறது, அந்தக் கட்டடம் வரைக்கும் போகிற வழி இன்னும் அவரவர் பொக்கற்றைப் பொறுத்துத்தான்.

இந்த வரலாற்றை வைத்துக்கொண்டு வீட்டில் ஒரு கார் எடுக்கிற பேச்சு வந்தால் நாங்கள் சொல்லக்கூடியது சில இருக்கு.

சின்னக் கார் எல்லாம் லேசான கார் இல்லை. பவர் ஸ்டியரிங் இல்லாத பழைய மாருதி 800, அதைவிடப் பெரிய, மின் ஸ்டியரிங் உள்ள காரைவிடக் கையை நோகப்பண்ணும். சின்னதால் வேறு லாபங்கள் உண்டு. ஒழுங்கைக்குள் திருப்பலாம், நாலு மூலையும் கண்ணுக்குத் தெரியும். ஆனால் லேசா பாரமா என்பதைக் கைதான் சொல்ல வேண்டும். எஞ்சினைப் போட்டு, காரை நிற்பாட்டி வைத்தபடி, ஒரு கையால் வீலை இந்த அந்தம் வரை அந்த அந்தம் வரை சுத்திப் பாருங்க. டயரில் காற்றுக் குறைந்திருந்தாலும் பாரமாக இருக்கும், அதையும் பாருங்க. பிறகு எஞ்சினை நிற்பாட்டி இன்னொருக்காச் சுத்திப் பாருங்க, பிரேக்கையும் நாலைந்து தரம் மிதிச்சுப் பாருங்க. ஓட்டத்தில் எஞ்சின் நின்றால் அந்தப் பாரம்தான் உங்கட கைக்கும் காலுக்கும் வரும். அது எவ்வளவு என்று முன்னமே தெரிஞ்சிருக்க வேணும்.

இடது கால் ஏலாதவருக்கு ஓட்டோ கியர் ஒன்றே பாதித் தீர்வு. அதிலும் வகை உண்டு. மெனுவல் கியர்பெட்டிக்கு மோட்டார் பூட்டிக் கிளச்சை அதுவே மிதிக்கிற வகை விலை குறைவு. கியர் மாறும்போது சின்னக் குலுக்கம் இருக்கும், குளக்கட்டுச் சரிவில் பிரேக்கை விட்டால் பின்னுக்கு உருளவும் பார்க்கும். வழுவழுப்பாக ஓடுகிற மற்ற வகைகளையும் ஓட்டிப் பார்த்துத்தான் முடிவெடுக்க வேணும்.

சீற் இடுப்பு உயரத்துக்கு வருகிறதா? முழங்கால் நோகிறவருக்கு இதுதான் முதல் கேள்வி. குந்தி இறங்கவும் கூடாது, ஏறவும் கூடாது, அப்படியே திரும்பி இருக்க வேண்டும். ஹேண்ட்பிரேக்கை இழுக்கக் கை வருகிறதா, கதவை உள்ளே இருந்து இழுத்துச் சாத்த ஏலுமா, திறப்பை முறுக்க விரல் மடங்குகிறதா, டிக்கிக் கதவு தலைக்கு மேலே போனால் எட்டுமா? கை, கால் பெலன் ஏன் குறைகிறது என்று தெரியாதவர்கள் முதலில் டொக்டரிடம் கேட்பதும் நல்லது.

எல்லாத்தையும் விட முக்கியமான ஒன்று. எங்கட வீடுகளில் கார் பார்க்கப் போறது அநேகமாக மாமாவும் அண்ணாவும் ஒரு மெக்கானிக்கும். ஓட்டப்போறவர் வீட்டில இருப்பார். அவங்க மூன்று பேருடைய கையிலும் எல்லாக் காரும் லேசுதான். ஓட்டப்போறவர்தான் போக வேண்டும், அவர்தான் சீற்றில் இருக்க வேண்டும், அவருடைய தோள்மூட்டும் முழங்காலும்தான் தீர்ப்புச் சொல்ல வேண்டும்.

கம்பி சுத்த ஏலாதவர்களுக்காக வந்த ஸ்டார்ட்டர் இன்றைக்கு எல்லாருக்கும் சொந்தம். கிளச் மிதிக்க ஏலாதவர்களுக்கு உதவிய கியர்பெட்டியை இன்றைக்குக் கொழும்பு நெரிசலில் நல்ல கால் உள்ளவர்களும் கேட்டு வாங்குகிறார்கள். "ஏலாது" என்ற சொல் நூறு வருஷமாக இடம் மாறிக்கொண்டே வந்திருக்கிறது. படுவான்கரையில் ஒரு அம்மா "எனக்குக் கார் ஓட்ட ஏலாது மகன்" என்று சொன்னால், "எந்தக் கார் அம்மா?" என்று திருப்பிக் கேட்கிற அளவுக்காவது எங்கட தலைமுறை இதைப் படித்து வைத்திருக்க வேண்டும்.