தூய இனக் கோழியை இனங்காணல் – வரலாறு

தன்னைப் போன்ற குஞ்சுகளையே தலைமுறைதோறும் தரும் கோழி தூய இனக் கோழி எனப்படும். இரண்டு இனங்களின் சேர்க்கையில் பிறப்பது கலப்பினக் கோழி. இவ்வேறுபாட்டைச் சொல்வது எளிது. வளர்ந்து வரும் குஞ்சில் அதைக் கண்டறிவது கடினம். 19 ஆம் நூற்றாண்டில் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் கோழியின் தோற்றமே அதன் தூய்மைக்குச் சான்றாகக் கொள்ளப்பட்டது. 20 ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வளர்ந்த மரபியல் அந்த நம்பிக்கையை மாற்றியது.

கண்காட்சிகளும் இன வரையறையும்

கோழியின் உடல் அடையாளத்தைக் கொண்டு அதன் தரத்தை மதிப்பிடும் வழக்கம் பழமையானது. கி.பி. முதல் நூற்றாண்டில் வாழ்ந்த உரோமானிய வேளாண் நூலாசிரியர் கொலுமெல்லா, ஐந்து விரல்கள் உள்ள கோழிகள் உயர்ந்தவையாகக் கருதப்பட்டதைக் குறிப்பிடுகிறார். ஆனால், இன்று உள்ளதுபோல் எழுதிவைக்கப்பட்ட இன வரையறை அக்காலத்தில் இல்லை.

1840களில் சீனாவிலிருந்து பெரிய உடலும் இறகு மூடிய கால்களும் கொண்ட கோழிகள் இங்கிலாந்துக்கு வந்தன. அவை கொச்சின் என்று பெயர் பெற்றன; கேரளத்தின் கொச்சிக்கும் இவ்வினத்துக்கும் தொடர்பில்லை. 1845 இல் இலண்டன் விலங்கியல் பூங்காவில் கோழிக் கண்காட்சி ஒன்று நடைபெற்றது. 1849 இல் அமெரிக்காவின் பாஸ்டன் நகரிலும் கண்காட்சி நடந்தது. அரிய கோழிகளின் விலை ஏறியது. விலை ஏறவே, எது உண்மையான இனம் என்ற வழக்கும் எழுந்தது.

இதற்குத் தீர்வாக 1865 இல் பிரிட்டனிலும் 1874 இல் அமெரிக்காவிலும் இனங்களின் வரையறை நூல்கள் வெளியாயின. கொண்டையின் வடிவம், காதுமடலின் நிறம், கால் நிறம், இறகின் கோலம் ஆகியவை ஒவ்வோர் இனத்துக்கும் வகுக்கப்பட்டன. வரையறைக்கு ஒவ்வாத குஞ்சு கலப்பெனக் கருதப்பட்டுக் கழிக்கப்பட்டது. ஆனால் அந்நூல்களில் இடம்பெற்ற இனங்களுள் பலவும் கலப்பினால் உருவானவையே. 1883 இல் அமெரிக்க வரையறையில் சேர்க்கப்பட்ட வயண்டாட் இனம், அதற்குச் சில ஆண்டுகளுக்கு முன்னர்தான் பல இனங்களைக் கலந்து உருவாக்கப்பட்டது.

வளரும் குஞ்சின் அடையாளங்கள்

கோழியின் அடையாளங்கள் ஒரே நேரத்தில் வெளிப்படுவதில்லை. விரல்களின் எண்ணிக்கை, கொண்டையின் அடிப்படை வடிவம், காலில் தூவி இருப்பது ஆகியவற்றைக் குஞ்சு பொரித்த அன்றே காணலாம். சிறகு இறகுகள் சில நாட்களில் முளைக்கத் தொடங்கும். காதுமடலின் நிறமும் சேவலின் கழுத்து இறகுகளும் தெளிவாகப் பல வாரங்கள் ஆகும். முழு வளர்ச்சிக்குரிய இறகுக் கோலம் பல மாதங்களுக்குப் பிறகே அமையும்.

குஞ்சின் நிறம் பலரை ஏமாற்றுவதுண்டு. முழுக் கறுப்பான இனங்களின் குஞ்சுகளுக்கு வயிற்றிலும் சிறகு நுனியிலும் வெளிர்மஞ்சள் தூவி இருக்கும். இது கலப்பின் அறிகுறி அன்று. இறகு மாறும்போது மறைந்துவிடும். வரிகள் கொண்ட பிளிமவுத் ராக் இனத்தின் குஞ்சு, தலையில் ஒரு வெளிர்புள்ளியுடன் கறுப்பாகவே பொரிக்கும். வரிகள் இறகு முளைத்த பின்னரே தோன்றும்.

இதற்கு நேர்மாறான ஏமாற்றமும் உண்டு. ஐந்து விரல் ஓங்கு பண்பு ஆகையால், டோர்கிங் இனத்துக்கும் வேறோர் இனத்துக்கும் பிறந்த கலப்புக் குஞ்சும் ஐந்து விரல்களுடன் தோன்றலாம். வெள்ளை லெகார்னின் வெண்மையும் அத்தகையதே. அதை நிறமுள்ள கோழியுடன் சேர்த்தால் முதல் தலைமுறைக் குஞ்சுகள் பெரும்பாலும் வெள்ளையாகவே வளரும். அங்கங்கே தென்படும் கரும்புள்ளிகள் மட்டுமே கலப்பைக் காட்டிக்கொடுக்கும். ஆகவே ஓர் அடையாளம் இல்லாதது ஐயத்தை எழுப்பலாம். அது இருப்பது மட்டும் தூய்மைக்குச் சான்றாகாது.

பேட்ஸனின் கொண்டை ஆய்வு

மெண்டலின் பட்டாணிச் செடி ஆய்வு 1900 இல் மீண்டும் கவனத்துக்கு வந்தது. அவ்விதிகள் விலங்குகளுக்கும் பொருந்தும் என்பதை இங்கிலாந்தின் வில்லியம் பேட்ஸன் 1902 இல் கோழிகளைக் கொண்டு காட்டினார். அவர் ஆராய்ந்த பண்புகளுள் கொண்டையின் வடிவம் முக்கியமானது.

ரோஜாக் கொண்டையும் பட்டாணிக் கொண்டையும் தனித்தனியே ஒற்றைக் கொண்டையை மறைக்கும் ஓங்கு பண்புகள். இவ்விரண்டு கொண்டைகளையும் உடைய தூய கோழிகளைச் சேர்த்தபோது, இரண்டையும் ஒவ்வாத அக்ரூட் வடிவக் கொண்டை உண்டாயிற்று. அக்குஞ்சுகளைத் தமக்குள் சேர்த்தபோது அக்ரூட், ரோஜா, பட்டாணி, ஒற்றை ஆகியவை 9:3:3:1 என்ற விகிதத்தை ஒட்டிப் பிறந்தன. பெற்றோர் எவரிடமும் காணப்படாத ஒற்றைக் கொண்டை, பதினாறில் ஒரு பங்காக வெளிப்பட்டது. வெளியே தெரியாத பண்பும் உள்ளே தொடரும் என்பது இதனால் தெளிவாயிற்று.

நீல அந்தலூசியன்

கண்காட்சியாளர்களை நெடுங்காலம் குழப்பிய இனம் நீல அந்தலூசியன். எவ்வளவு கவனமாகத் தேர்ந்தெடுத்து வளர்த்தாலும் இதில் கறுப்புக் குஞ்சுகளும், திட்டுகள் கொண்ட வெள்ளைக் குஞ்சுகளும் பிறந்துகொண்டே இருந்தன. அவற்றைப் பழைய கலப்பின் எச்சம் எனக் கருதி வளர்ப்போர் கழித்துவந்தனர்.

பேட்ஸனும் ரெஜினால்டு பன்னெட்டும் இதன் காரணத்தை விளக்கினர். நீலநிறக் கோழி கறுப்புக்கும் திட்டு வெள்ளைக்கும் உரிய காரணிகளில் ஒவ்வொன்றைக் கொண்டது. ஆகவே இரண்டு நீலக் கோழிகளைச் சேர்த்தால் ஒரு பங்கு கறுப்பு, இரண்டு பங்கு நீலம், ஒரு பங்கு திட்டு வெள்ளை எனக் குஞ்சுகள் பிரியும். முழுவதும் நீலக் குஞ்சுகளே வேண்டுமானால், கழிக்கப்பட்டு வந்த கறுப்பையும் திட்டு வெள்ளையையும் சேர்க்க வேண்டும். நிறத்தைப் பொறுத்தவரை, கழிக்கப்பட்டவையே தூயவை. பரிசு பெற்ற நீலக் கோழியே கலப்பு.

வயண்டாட்டின் ஒற்றைக் கொண்டை

வயண்டாட் இனத்தின் வரையறை ரோஜாக் கொண்டையைக் கோருகிறது. ஆயினும் இவ்வினத்தில் ஒற்றைக் கொண்டைக் குஞ்சுகள் பல தலைமுறைகளாக இடையிடையே பிறந்துவந்தன. பெற்றோர் இருவரிடமிருந்தும் ரோஜாக் கொண்டைக் காரணியைப் பெற்ற சேவல்களுக்குக் கருவுறச் செய்யும் திறன் குறைவு என்பது பின்னர் தெரிந்தது. ஒற்றைக் கொண்டைக் காரணியை மறைவாகக் கொண்ட சேவல்களுக்கு இக்குறை இல்லை. அவை மிகுதியான குஞ்சுகளைத் தந்ததால் அக்காரணியும் இனத்தில் நிலைத்தது. ரோஜாக் கொண்டை, குரோமோசோமின் ஒரு பகுதி தலைகீழாகத் திரும்பியதால் உண்டானது என்றும், அதே மாற்றம் விந்தணுவின் இயக்கத்தையும் பாதிக்கிறது என்றும் 2012 இல் வெளியான ஆய்வு விளக்கியது.

சந்ததிச் சோதனை

மறைந்திருக்கும் பண்பை அறியச் சந்ததிச் சோதனை உதவும். ரோஜாக் கொண்டைச் சேவலை ஒற்றைக் கொண்டைப் பெட்டைகளுடன் சேர்க்க வேண்டும். ஓர் ஒற்றைக் கொண்டைக் குஞ்சு பிறந்தாலும் சேவல் அப்பண்பை மறைத்துவைத்திருக்கிறது என்பது உறுதி. அத்தகைய சேவலுக்குத் தொடர்ந்து பத்துக் குஞ்சுகளும் ரோஜாக் கொண்டையுடன் பிறக்கும் வாய்ப்பு 1,024 இல் 1 மட்டுமே. எனினும் இச்சோதனை அந்த ஒரு பண்பைப் பற்றியே சொல்லும். முழுக் கோழியின் தூய்மைக்கு, பல தலைமுறைகளின் பெற்றோர் விவரங்களைக் குறித்துவைப்பது இன்றியமையாதது.

தூய்மையின் எல்லை

லெகார்ன், பிளிமவுத் ராக், வயண்டாட் ஆகிய இனங்களின் வரையறை மஞ்சள் நிறக் கால்களைக் கோருகிறது. வீட்டுக்கோழியின் முதன்மை மூதாதை சிவப்புக் காட்டுக்கோழி. ஆனால் மஞ்சள் தோலுக்குரிய மரபணு, பெரும்பாலும் சாம்பல் காட்டுக்கோழியிடமிருந்து வந்தது என்று 2008 இல் வெளியான ஆய்வு காட்டியது. மேற்குத் தொடர்ச்சி மலை உள்ளிட்ட தென்னிந்தியக் காடுகளில் வாழும் பறவை அது. இன்று இனத்தூய்மைக்கு அடையாளமாகப் பார்க்கப்படும் மஞ்சள் கால், இரண்டு காட்டுக்கோழி இனங்களின் பழைய கலப்புக்குச் சான்றாக உள்ளது. எனவே தூய இனம் என்பது கலப்பே அறியாத தொல்குருதியைக் குறிப்பதில்லை; வேண்டிய பண்புகள் சந்ததியிலும் மாறாது தொடருமாறு மனிதர் தேர்ந்தெடுத்து நிலைநிறுத்திய நிலையையே அது குறிக்கிறது.