மூவளைய மனச்சோர்வு மருந்துகளை மாற்றுதல்

டிரைசைக்ளிக் எனப்படும் மூவளைய மனச்சோர்வு மருந்துகளில் ஒன்றை உட்கொள்பவரை, அதே குடும்பத்தின் வேறொரு மருந்துக்கு மருத்துவக் கண்காணிப்பில் கொண்டுசெல்லும் முறை. இக்குடும்பத்தின் முதல் மருந்தான இமிப்ரமினின் ஆற்றலை 1950களில் சுவிட்சர்லாந்தின் மனநல மருத்துவர் ரோலண்ட் கூன் கண்டறிந்தார். அமிட்ரிப்டிலின், நார்ட்ரிப்டிலின், குளோமிப்ரமின், டோசுலெபின் முதலியவை பின்னர் வந்தவை.

மாற்றத்துக்குப் பெரும்பாலும் பக்கவிளைவே காரணம். அமிட்ரிப்டிலின் சாப்பிடும் முதியவருக்கு வாய் வறளும், மலம் கட்டும், சிறுநீர் எளிதில் பிரியாது. இரவில் கழிப்பறைக்கு எழும்போது இரத்த அழுத்தம் இறங்கித் தலைசுற்றி விழுந்தால் இடுப்பெலும்பு முறியலாம். இத்தகையோருக்கு நார்ட்ரிப்டிலின் சற்றுப் பாதுகாப்பானது. அமிட்ரிப்டிலினைக் கல்லீரல் நார்ட்ரிப்டிலினாகவே மாற்றுவதால் உடலுக்கு அது புதிய மருந்தும் அன்று. எனினும் இரண்டையும் மில்லிகிராமுக்கு மில்லிகிராம் ஈடாகக் கொள்ளக் கூடாது; நார்ட்ரிப்டிலின் பொதுவாகக் குறைந்த அளவிலேயே போதும்.

வழக்கமான முறையில் பழைய மருந்து படிப்படியாகக் குறைக்கப்பட்டு, புதியது சிறிய அளவில் தொடங்கி உயர்த்தப்படும். பழையதைத் திடீரென நிறுத்தினால் குமட்டல், வியர்வை, தூக்கமின்மை, பதற்றம் வரலாம். இரண்டும் சேர்ந்திருக்கும் நாட்களிலேதான் முழுக் கவனம் வேண்டும். ஒவ்வொன்றும் குறைந்த அளவில் இருந்தாலும் இதயத்தின் மின்கடத்தலைத் தாமதப்படுத்தும் அவற்றின் விளைவுகள் ஒன்றுசேர்ந்து கூடும். கடைசி மாத்திரைக்குப் பின்னும் பழைய மருந்து பல நாட்கள் உடலில் தங்கும். ஆகவே இதய நோயாளிகளுக்கும் முதியோருக்கும் முன்கூட்டியே ஈசிஜி எடுப்பது அவசியம். ஃப்ளுவாக்செடின், பராக்செடின் ஆகிய வேறு வகை மனச்சோர்வு மருந்துகள் மூவளைய மருந்துகளைக் கல்லீரல் சிதைப்பதைத் தடுத்து, இரத்தத்தில் அவற்றின் அளவை உயர்த்திவிடும். ஃப்ளுவாக்செடினை நிறுத்திய பிறகும் சில வாரங்களுக்கு இத்தடை நீடிக்கும்.

குளோமிப்ரமின், மூளையின் வேதித்தூதுகளில் ஒன்றான செரடோனினைப் பெரிதும் கூட்டுவது. அதற்கு மாறுபவர் வலிக்காக டிரமடால் சாப்பிடுகிறாரா என்று கேட்டே ஆக வேண்டும்; டிரமடாலும் செரடோனினைக் கூட்டும் என்பதால் இரண்டும் சேர்ந்தால் அது ஆபத்தான அளவுக்கு மிகலாம். நடுக்கம், காய்ச்சல், தசை விறைப்பு, குழப்பம் தோன்றினால் உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

இம்மருந்துகளை அளவுக்கு மீறி விழுங்கினால் உயிரே போகலாம். மாற்றம் முடிந்ததும் மிஞ்சிய பழைய மாத்திரை அட்டைகளை வீட்டில் வைத்திருக்காமல் மருத்துவரிடமோ மருந்தகத்திலோ ஒப்படைத்துவிடுங்கள்.