காற்றுக்கும் வரவு செலவு உண்டு

வீட்டில் சின்னதாக ஒரு பட்டறை போடுகிறவர் ஏர் கம்ப்ரஸர் வாங்கக் கடைக்குப் போனால் கேட்கும் முதல் கேள்வி, "டேங்க் எத்தனை லிட்டர்?" அடுத்தது, "எத்தனை ஹெச்.பி.?" இரண்டும் கேட்க வேண்டியவைதான். ஆனால் அதற்கு முன்னால் இன்னொரு கேள்வி இருக்கிறது. அது ஏன் முக்கியம் என்று புரிய, கம்ப்ரஸர் பெயர் வாங்கிய இடத்துக்குக் கொஞ்சம் போய் வரலாம். அது பட்டறை இல்லை, ஒரு மலை!

1857-ல் ஆல்ப்ஸ் மலைக்குள் ரயில் சுரங்கம் தோண்ட ஆரம்பித்தார்கள். ஒரு முனை மொதான், மறுமுனை பார்தோனெக்கியா. நீளம் சுமார் 12 கிலோமீட்டர். வழக்கமாக நீளமான சுரங்கத்துக்கு மேலிருந்து கிணறு போல இறக்கி, பல இடங்களில் ஒரே நேரத்தில் தோண்டுவார்கள். இங்கே தலைக்கு மேல் ஒரு மைலுக்கு மலை. அதனால் இரண்டு முனையிலிருந்து மட்டுமே தோண்ட முடியும். கையால் துளை போட்டு வெடி வைத்தால் 25 வருடத்துக்கு மேல் ஆகும் என்று கணக்கு. நீராவி எஞ்சினை உள்ளே கொண்டு போனால் புகையில் ஆட்கள் மூச்சு முட்டிச் செத்துப் போவார்கள்.

பொறியாளர் ஜெர்மேன் சோமெய்யே செய்தது இதுதான். சக்தியை உண்டாக்கும் இயந்திரத்தை வெளியே வைத்தார், வேலை செய்யும் கருவியை மட்டும் உள்ளே அனுப்பினார். மலை ஓடைத் தண்ணீரின் வேகத்தில் கம்ப்ரஸர் ஓடியது. அழுத்திய காற்று குழாய் வழியாக உள்ளே போய்த் துளைக் கருவிகளை இடித்து இயக்கியது. கருவியிலிருந்து வெளியேறிய காற்றே தொழிலாளிகளுக்கு மூச்சுக் காற்றும் ஆனது. 1861-ல் இந்த முறை வேலைக்கு வந்தது. 1870 டிசம்பரில் இரு பக்கமும் சந்தித்தன, 1871 செப்டம்பரில் சுரங்கம் திறந்தது. மொத்தம் 14 வருடம். சோமெய்யே திறப்பு விழாவுக்கு இரண்டு மாதம் முன்பு இறந்துவிட்டார்.

அங்கே ஒரே சட்டத்தில் பல துளைக் கருவிகள் மணிக்கணக்காக ஓடின. எவ்வளவு காற்று செலவாகிறதோ, அவ்வளவும் வந்துகொண்டே இருக்க வேண்டும். சேமித்து வைத்த காற்றை நம்பி மலையைக் குடைய முடியாது.

வணிகவியல் படிப்பவர்களுக்கு இது சுலபமாகப் புரியும். டேங்க் என்பது சேமிப்பு. ஒரு நிமிடத்துக்குக் கம்ப்ரஸர் தரும் காற்று என்பது வருமானம். வருமானத்தை விடச் செலவு அதிகம் என்றால் சேமிப்பு எத்தனை நாள் தாங்கும்?

கணக்குப் போட்டே பார்க்கலாம். 50 லிட்டர் டேங்க், அழுத்தம் 8 பார். பெரும்பாலான காற்றுக் கருவிகளுக்குச் சுமார் 6 பார் (90 பி.எஸ்.ஐ.) வேண்டும். 8-லிருந்து 6-க்கு இறங்கும்வரை நமக்குக் கிடைப்பது 50 x 2 = 100 லிட்டர் காற்று. மரம் தேய்க்கும் சாண்டர் நிமிடத்துக்குச் சுமார் 300 லிட்டர் குடிக்கும். 1 ஹெச்.பி. கம்ப்ரஸர் தருவது சுமார் 100 லிட்டர். துண்டு விழுவது 200 லிட்டர். அதாவது 30 விநாடியில் டேங்க் கை விரித்துவிடும். டேங்கை இரட்டிப்பாக்கினால் ஒரு நிமிடம். அவ்வளவுதான்.

ஆணி அடிக்கும் கன்னோ, சக்கர நட்டைக் கழற்றும் இம்பாக்ட் ரெஞ்சோ விட்டு விட்டு ஓடும். அவற்றுக்குச் சின்ன கம்ப்ரஸரும் டேங்கும் போதும். சாண்டர், ஸ்ப்ரே கன் இரண்டும் தொடர்ந்து குடிப்பவை. ஆகவே கடையில் முதலில் கேட்க வேண்டியது, "6 பாரில் நிமிடத்துக்கு எவ்வளவு காற்று வெளியே வரும்?" என்பதுதான். சி.எஃப்.எம். என்று சொன்னால் 28-ஆல் பெருக்குங்கள், லிட்டர் வந்துவிடும். பிஸ்டனின் அளவை வைத்துப் போட்ட கணக்கைச் சொன்னால் ஏற்காதீர்கள், உண்மையில் வெளியே வருவது அதைவிடக் குறைவு. உங்கள் கருவியின் தேவையை விட மூன்றில் ஒரு பங்காவது கூடுதலாக வருகிற மாதிரி வாங்குங்கள்.

கதையின் மறுபக்கமும் உண்டு. 1880-களில் பாரிஸ் நகரில் தெருவுக்கு அடியில் குழாய் போட்டு அழுத்திய காற்றைப் பட்டறைகளுக்கு விற்றார்கள். நயாகரா அருவியின் சக்தியை ஊருக்குக் கொண்டு போகவும் காற்றை யோசித்தார்கள். 1893-ல் மாறுதிசை மின்சாரம்தான் ஜெயித்தது. காற்றை அழுத்தும்போது அது சூடாகிறது. அந்தச் சூடு ஆறிப் போனால் நாம் போட்ட சக்தியில் ஒரு பகுதியும் போச்சு. இந்த நஷ்டம் உங்கள் வீட்டு மின் கட்டணத்திலும் இருக்கிறது. எப்போதாவது ஒரு துளை போடவும் பலகை தேய்க்கவும் மின்சாரக் கருவியே மலிவு. பெயிண்ட் அடிக்க, டயருக்குக் காற்றுப் பிடிக்க, நிறைய ஆணி அடிக்க என்றால் கம்ப்ரஸர் வாங்கலாம்.

இன்னொன்று. காற்றை அழுத்தினால் அதிலுள்ள ஈரம் தண்ணீராக டேங்கின் அடியில் தங்கும். வேலை முடிந்ததும் அழுத்தத்தை இறக்கிவிட்டு, அடி வால்வைத் திறந்து வடித்துவிடுங்கள். துருப்பிடித்த டேங்க் வெடித்தால் பக்கத்தில் நிற்பவர் உயிருக்கே ஆபத்து. பி.வி.சி. குழாயில் காற்று லைன் போடவே கூடாது, அதுவும் உடைந்து சிதறும்.

ஆக, கருவிகளின் பட்டியலை முதலில் எழுதுங்கள். பக்கத்தில் ஒவ்வொன்றும் குடிக்கும் காற்றை எழுதுங்கள். அந்தச் சீட்டோடு கடைக்குப் போங்கள். டேங்க் எத்தனை லிட்டர் என்பதைக் கடைசியில் கேட்டுக்கொள்ளலாம்.