ஒரே தேதி, இரண்டு நாள்கள்



நமது ஆலய வாசலில் உள்ள அறிவிப்புப் பலகையில், திருப்பலி நேரங்களுக்குக் கீழே, ‘வரலாற்றில் இன்று’ என்ற ஒரு பகுதியை நாம் எழுதி வருவது உங்களுக்குத் தெரியும். இளையோர் திரட்டித் தருவார்கள். நாம் பார்த்துச் சரி என்போம். கடந்த ஏப்ரல் 23 அன்று அதில் இப்படி எழுதினோம்: ஆங்கில நாடக ஆசிரியர் ஷேக்ஸ்பியரும், ‘டான் குயிக்ஸாட்’ கதையைத் தந்த ஸ்பெயின் நாட்டு எழுத்தாளர் செர்வாண்டிசும் 1616ஆம் ஆண்டு இதே நாளில் இறந்தார்கள். இருவரையும் ஒரே நாளில் இறைவன் அழைத்துக்கொண்டார் என்று மறையுரையிலும் ஒரு வார்த்தை சேர்த்துக்கொண்டோம். கேட்க நன்றாகத்தான் இருந்தது.

அடுத்த ஞாயிறு மறைக்கல்வி முடிந்ததும், ஒன்பதாம் வகுப்புப் படிக்கும் சிறுமி ஒருத்தி வந்து நின்றாள். “ஃபாதர், ரெண்டு பேரும் ஒரே நாள்ல இறந்தாங்கன்னா கிழமையும் ஒண்ணாத்தானே இருக்கணும்? ஷேக்ஸ்பியர் இறந்தது செவ்வாய்க்கிழமை. ஸ்பெயின்ல அந்த ஏப்ரல் 23 சனிக்கிழமை. அது எப்படி ஃபாதர்?” என்று கேட்டாள்.

நம்மிடம் பதில் இல்லை. புத்தகங்களைப் புரட்டிய பிறகுதான் அந்த ஒரு வரிக்குள் எத்தனை முடிச்சுகள் இருக்கின்றன என்று தெரிந்தது.

முதல் முடிச்சு நாட்காட்டி. பழைய ஜூலியன் நாட்காட்டி, ஓர் ஆண்டுக்கு 365 நாளும் 6 மணி நேரமும் என்று கணக்கிட்டது. உண்மையான ஆண்டு அதைவிட ஏறக்குறைய 11 நிமிடம் குறைவு. 11 நிமிடம்தானே என்று விட்டதில், நூற்றாண்டுகள் போகப் போக அது நாள்களாகச் சேர்ந்தது. இரவும் பகலும் சமமாகும் வசந்தகால நாளை வைத்துத்தான் உயிர்ப்புப் பெருவிழாவைக் கணக்கிடுகிறோம். 325ஆம் ஆண்டு நிசேயா பொதுச்சங்கம் கூடிய காலத்தில் மார்ச் 21ஐ ஒட்டி வந்த அந்த நாள், 16ஆம் நூற்றாண்டில் மார்ச் 11க்கே வந்துவிட்டது. பெருவிழாவின் கணக்கே தவறுகிறது என்று கண்ட திருத்தந்தை பதின்மூன்றாம் கிரகோரி, 1582ஆம் ஆண்டு நாட்காட்டியைத் திருத்தினார். கணக்குக்குத் துணைநின்றவர்களுள் ஒருவர் இயேசு சபைக் குரு கிளாவியுஸ். அவ்வாண்டு அக்டோபர் 4 வியாழனுக்கு மறுநாள், அக்டோபர் 15 வெள்ளி என்று ஆயிற்று. கிழமை மாறவில்லை, தேதியில் மட்டும் பத்து நாள்கள் விடுபட்டன.

அவிலா நகர் புனித தெரேசா இறந்தது சரியாக அந்த இரவில்தான். அக்டோபர் 4 இரவில் அவர் கண்மூட, மறுநாள் நடந்த அடக்கம் அக்டோபர் 15 ஆயிற்று. அவருடைய திருவிழாவை நாம் அக்டோபர் 15 அன்று கொண்டாடுகிறோம். இடையில் பதினொரு நாள் இருந்ததாக எண்ணிவிடக் கூடாது. இருந்தது ஓர் இரவு மட்டுமே.

ஸ்பெயின் நாடு இந்தத் திருத்தத்தை அப்போதே ஏற்றது. உரோமையோடு உறவை முறித்துக்கொண்டிருந்த இங்கிலாந்தோ 1752 வரை ஏற்கவில்லை. ஆகவே 1616இல் இங்கிலாந்தின் ஏப்ரல் 23, ஸ்பெயினில் மே 3. இரு நாடுகளின் ஏட்டிலும் ஒரே தேதி. வானத்துச் சூரியனுக்கு அவை பத்து நாள் இடைவெளி உள்ள இரண்டு நாள்கள். சிறுமி கேட்ட கிழமைக் கணக்கு சரியானதே.

இரண்டாவது முடிச்சு, இறப்பும் அடக்கமும். செர்வாண்டிஸ் தம் கடைசி நூலுக்கு எழுதிய காணிக்கை உரையில், ஏப்ரல் 19 என்று தேதியிட்டு, முந்தின நாள் தமக்கு நோயில்பூசுதல் தரப்பட்டதைக் குறிப்பிடுகிறார். அதன்பின் சில நாள்களே அவர் உயிரோடு இருந்தார். மாட்ரிட் நகரில் அவருடைய பங்கின் இறப்புப் பதிவேடு ஏப்ரல் 23 என்கிறது. ஆனால், அக்காலத்தில் அடக்கம் செய்த நாளையே ஏட்டில் எழுதும் வழக்கம் இருந்ததால், அவர் இறந்தது 22ஆம் தேதி என்பதே ஆய்வாளர் பலரின் முடிவு. அல்ஜியர்ஸில் ஐந்து ஆண்டுகள் அடிமையாய்க் கிடந்தவரை 1580இல் மீட்க உதவியவர்கள் மூவொரு கடவுள் சபைத் துறவியர். அதே சபையின் கன்னியர் மடத்தில்தான் அவர் அடக்கம் செய்யப்பட்டார்.

மூன்றாவது முடிச்சு, பிறப்பும் திருமுழுக்கும். ஷேக்ஸ்பியர் பிறந்ததும் ஏப்ரல் 23தான் என்று பல பட்டியல்கள் சொல்கின்றன. ஸ்ட்ராட்போர்டு ஊர்க் கோவில் பதிவேட்டில் இருப்பதோ, 1564 ஏப்ரல் 26 அன்று அவர் திருமுழுக்குப் பெற்றார் என்பது மட்டுமே. பிறந்த நாள் எங்கும் எழுதப்படவில்லை. மூன்று நாள் முன்பு பிறந்திருப்பார் என்பது பிற்காலத்தவர் கணிப்பு. நல்ல கணிப்பாகவே இருக்கலாம். ஆனால் கணிப்பு வேறு, சாட்சி வேறு.

அன்பார்ந்தவர்களே, இந்த இரு பெரும் எழுத்தாளர்களின் வாழ்வுக்குச் சாட்சியாக நிற்பவை அரண்மனை ஆவணங்கள் அல்ல. நம் ஆலய அலுவலகத்தில் இருப்பது போன்ற பங்குப் பதிவேடுகள். நானூறு ஆண்டுகளுக்கு முன்பு யாரோ ஒருவர், எழுதுவது பெரிய மனிதரைப் பற்றி என்று நினையாமல், எல்லாருக்கும் எழுதுவதுபோல் ஒரு வரி எழுதி வைத்தார். அந்த ஒரு வரியைத்தான் இன்று உலகம் தேடிப் போய்ப் பார்க்கிறது.

தேதி கொஞ்சம் முன்பின் ஆனால் யாருக்கு என்ன நஷ்டம் என்று கேட்கலாம். சென்ற ஆண்டு நம் பங்கின் பெரியவர் ஒருவர் திருமுழுக்குச் சான்றிதழ் கேட்டு வந்தார். பள்ளிச் சான்றிதழில் அவர் பிறந்தது ஜூன் 1. நம் ஏட்டில் அவர் திருமுழுக்குப் பெற்றது அதே ஆண்டு பிப்ரவரியில்! “பொறக்கறதுக்கு முன்னாடியே ஞானஸ்நானம் வாங்குன ஆள் நான் ஒருத்தன்தான் சாமி” என்று அவர் சிரித்தார். பள்ளியில் சேர்க்கும்போது தாய் தந்தைக்குத் தேதி நினைவில்லை. ஆசிரியரே ஒன்றைப் போட்டுவிட்டார். சிரித்துக்கொண்டே சொன்னாலும், தம் தாய் தம்மைப் பெற்ற நாள் எது என்று எழுபது வயதுக்கு மேல் ஏட்டைத் தடவிப் பார்த்தபோது அவர் கண் கலங்கியதை நாம் பார்த்தோம். தேதி என்பது ஒரு மனிதரின் வாழ்வு.

இதைவிடக் கவலை தருவது ஒன்று உண்டு. ‘இதே நாளில்தான் இன்னார் நம்மவர்களை இப்படிச் செய்தார்கள்’ என்று கைப்பேசியில் வரும் செய்திகளை நாம் பார்க்கிறோம். நாளும் தெரியாது, ஏடும் தெரியாது. ஆனால் படித்தவுடன் கோபம் வருகிறது, அடுத்த நொடி பத்துப் பேருக்கு அனுப்பிவிடுகிறோம். பொய்ச்சான்று சொல்லாதே என்ற கட்டளை நீதிமன்றக் கூண்டுக்கு மட்டும் உரியதன்று. நம் விரல்நுனிக்கும் அது பொருந்தும்.

தூய லூக்கா தம் நற்செய்தியின் தொடக்கத்தில் என்ன சொல்கிறார்? எல்லாவற்றையும் தொடக்கமுதல் கவனமாய் ஆராய்ந்த பிறகே எழுதுவதாகத் தெயோபிலுக்குச் சொல்கிறார். திருமுழுக்கு யோவானின் பணி தொடங்கியதைச் சொல்லும்போது, திபேரியு பேரரசரின் ஆட்சியில் அது பதினைந்தாம் ஆண்டு என்று குறிக்கிறார். நம் விசுவாச அறிக்கையிலும் பிலாத்துவின் பெயர் இருக்கிறது. உண்மையாக நடந்த ஒன்றின்மேல் நம் நம்பிக்கை நிற்கிறது. அப்படிப்பட்ட மக்கள் சின்னத் தேதியிலும் அக்கறையற்று இருக்கலாமா?

ஆகவே இனி ஒரு தேதியைக் கண்டால் நான்கு கேள்விகள் கேட்போம். இதை முதலில் எழுதியவர் யார்? நடந்தபோதே எழுதினாரா, பல காலம் கழித்தா? எழுதியது பிறப்பையா திருமுழுக்கையா, இறப்பையா அடக்கத்தையா? எந்த நாட்காட்டியில் எழுதினார்? விடை கிடைக்காவிட்டால், ‘என்று சொல்வர்’ என ஒரு சொல் சேர்ப்பதில் வெட்கமில்லை.

மறு ஞாயிறு அறிவிப்புப் பலகையில் நம் தவற்றைத் திருத்தி எழுதினோம். திருத்தத்தை எழுத அந்தச் சிறுமியையே அழைத்தோம். பங்குத்தந்தை தவறு செய்ததை எல்லாரும் வாசித்தார்கள். அதனால் நமக்குக் குறைவு எதுவும் வரவில்லை. அன்றுமுதல் பலகையை நின்று வாசிப்பவர்கள்தாம் கூடியிருக்கிறார்கள்.

சிறியவற்றிலும் உண்மையாய் இருக்க இறைவன் நமக்கு அருள்புரிவாராக. ஆமென்.